பிரிண்டர் தானாகவே காகிதம் தள்ளுகிறதா? முதலில் ரூட்டரைப் பாருங்கள்

ராத்திரி இரண்டு மணிக்குப் பிரிண்டர் தானாக ஓடி, 'கெட் எச்டிடிபி 1.1' (வெப்சைட்டிடம் பக்கம் கேட்கும்போது அனுப்பப்படும் வரி) என்று ஒரே ஒரு வரியோடு தாள் வந்தது என்கிறீர்கள். பேயும் இல்லை, பிரிண்டர் கோளாறும் இல்லை. இணையத்தில் திறந்திருக்கும் கதவுகளைத் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர் புரோகிராம் ஏதோ பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். பிரிண்டர் அச்சு வேலையை வாங்கிக்கொள்ளும் 9100ஆம் போர்ட் (நெட்வொர்க்கில் எண்ணிட்ட ஒரு வாசல்) பொதுவாகக் கடவுச்சொல் கேட்காது. வந்ததை அப்படியே அச்சடித்துவிடும். 2018இல் ஒருவர் இதே வழியில் ஆயிரக்கணக்கான பிரிண்டர்களில் ஒரு யூடியூப் சேனலுக்கான விளம்பரத்தை அடிக்க வைத்தார்.

சாதாரணமாக ரூட்டர் வெளியாட்களை உள்ளே விடாது. அதனால் யாரோ கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பிரவுசரில் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து (முகவரி பெரும்பாலும் 192.168.1.1), போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதை வீட்டுக் கருவிக்கு அனுப்புவது), டிஎம்இசட் (ஒரு கருவியை முழுவதுமாக வெளியே திறந்து வைப்பது) இரண்டில் எதிலாவது பிரிண்டரின் ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, இருந்தால் நீக்குங்கள். யுபிஎன்பி-யை (கருவிகள் தாங்களே ரூட்டரில் போர்ட் திறந்துகொள்ள விடும் வசதி) அணைத்துவிடுங்கள். என் சந்தேகம் அதன் மேல்தான். உங்களைக் கேட்காமலே போர்ட் திறந்துவிடும் ஆசாமி அது. ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி முறை) இருந்தால் அதன் ஃபயர்வாலும் (வெளியாட்களைத் தடுக்கும் காவல்) ஆனில் இருக்கட்டும்.

அப்புறம், பிரிண்டரின் அட்மின் கடவுச்சொல்லை மாற்றி, ஃபர்ம்வேரை (பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பியுங்கள். வைஃபை டைரக்ட் (ரூட்டர் இல்லாமல் நேரடியாகப் பிரிண்டரோடு இணையும் வசதி) தேவையில்லை என்றால் அதையும் நிறுத்துங்கள். பிரிண்டரை கெஸ்ட் வைஃபைக்கு (விருந்தினருக்கான தனி வைஃபை) மாற்றலாமா என்று கேட்டீர்கள். மாற்றலாம், ஆனால் லேப்டாப்புக்குப் பிரிண்டர் தெரியாமல் போகலாம். இப்போதைக்கு வேண்டாம்.