சீட்டுக்கட்டைப் பிடுங்காதீர்கள், கடனைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் கைபேசிக்குத் தடை வந்தபின் இடைவேளைகளில் பிள்ளைகள் கூடிச் சீட்டாடுகிறார்கள். முதலில் மகிழ்ந்தேன். இப்போது அடிக்கடி கைச்செலவுக்குப் பணம் கேட்கிறான், காரணம் கேட்டால் மழுப்புகிறான். சீட்டுக்கும் தடை போடும்படி பள்ளியில் சொல்லலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். திரையை விட்ட பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து, தங்கள் முறை வரும்வரை காத்திருந்து, தோற்றாலும் முகம் சுளிக்காமல் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்கிறார்கள். இதற்காகத்தானே கைபேசியை வாங்கி வைத்தோம்? கட்டைப் பிடுங்கினால் நாணயத்தைச் சுண்டுவார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் பாடப்புத்தகத்தைப் பிரித்துப் பக்க எண்ணில் பந்தயம் கட்டுவார்கள்.

பணயம் வைக்கும்போதுதான் சீட்டு சூதாகிறது. பணயம் என்றால் காசு என்று எண்ணிச் சட்டைப்பையைச் சோதிப்பதோடு பல பள்ளிகள் நின்றுவிடுகின்றன. தோற்றவன் வென்றவனின் வீட்டுப்பாடத்தை எழுதித் தருவதும், ஒரு வாரத் தின்பண்டத்தைக் கொடுத்துவிடுவதும் பணயந்தான். காசுக்கு ஆடினாலும் அது பள்ளிக்குள் கைமாற வேண்டியதில்லை. பகலில் பூட்டி வைத்த கைபேசியே மாலையில் கணக்கைத் தீர்த்துவிடும்.

எந்த ஆட்டத்தையும் எடைபோட ஒரு கேள்வி போதும்: பணயத்தை எடுத்துவிட்டால் அதில் சுவை மிஞ்சுமா? ரம்மியைக் காசுக்கும் ஆடுகிறார்கள், வெறும் புள்ளிக்கும் ஆடலாம். சீட்டுச் சேர்ப்பதே அதன் சுவை. பணயத்தை ஏற்றி எதிராளியை மிரட்டும் சீட்டாட்டமான போக்கரோ சப்பென்று போய்விடும். இழக்க ஒன்றுமில்லாதவனை மிரட்டி என்ன பயன்?

உங்கள் மகன் பணம் கேட்பதைவிட, ‘விட்டதைப் பிடித்துவிடுவேன்’ என்று சொல்கிறானா என்பதைத்தான் நான் கவனிப்பேன். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய் வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறை மது, போதைப் பழக்கங்களோடு ஒரே பிரிவில் வைத்தது. அதற்குச் சொல்லப்பட்ட 9 அறிகுறிகளில் விட்டதைப் பிடிக்க மறுபடி வருவது, ஆட்டத்தை மறைத்துப் பொய் சொல்வது, பணமுடைக்கு அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது மூன்றும் உண்டு. குறைந்தது 4 அறிகுறிகள் 12 மாதத்துக்குள் தென்பட்டால்தான் கோளாறு என்பார்கள். எனவே அவனுக்கு நோய்ப்பெயர் சூட்டிவிடாதீர்கள்.

அறிவுரைக்குப் பதிலாக ஒரு சோதனை செய்யுங்கள். 52 சீட்டில் நான்கு ஆர்ட்டினும் (இதயக் குறி போட்ட சீட்டு) வேறு குறிச் சீட்டு ஒன்றும் எடுத்து அவன் கையில் கொடுங்கள். அந்த வேறு சீட்டைக் கழித்துவிட்டு, மீதிக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்தால் ஐந்தும் ஆர்ட்டினாகுமா? 20 முறை எடுத்தால் எத்தனை முறை வரும் என்று முதலில் அவனே எழுதி வைக்கட்டும். பாதி என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. மீதமுள்ள 47 சீட்டில் ஆர்ட்டின் 9 மட்டுமே. சராசரியாக 4 முறைதான் கிட்டும். ஒவ்வொரு முறையும் கலைத்துப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். ‘மயிரிழையில் தப்பியது’ என்று பத்தாவது முறையில் அவன் சொல்வான் பாருங்கள், ஆளை மேசையிலேயே கட்டிப்போடுவது அந்த நினைப்புதான். உண்மையில் அது மயிரிழையே அல்ல, ஐந்தில் நான்கு பங்கு தோல்வி.

அதன்பின் சீட்டில் தோற்றுப் பட்ட கடன் உண்டா என்று கேளுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாளாக. குரலை உயர்த்தினால் பாதித் தொகைதான் வெளியே வரும். தொகை தெரிந்ததும் கமுக்கமாகக் கொடுத்து முடித்துவிடாதீர்கள். அடுத்த கடனுக்கும் உங்களையே நம்புவான்.

பள்ளியிடம் கேட்க வேண்டியது தடையை அல்ல. சீட்டு ஆடலாம், எந்தப் பொருளும் எந்த வேலையும் பணயமாகக் கூடாது, இதுவரையிலான சீட்டுக்கடன் எதையும் யாரும் கொடுக்க வேண்டியதில்லை என்று வகுப்பில் அறிவிக்கச் சொல்லுங்கள். அறிவிப்பைக் கேட்டதும் பெரும்பாலான பிள்ளைகள் மூச்சு விடுவார்கள். ஒருவன் முகம் மட்டும் வாடினால், கடன் வரவேண்டியவன் அவனாக இருக்கலாம். ஆசிரியர் அவனோடும் தனியே உட்கார்ந்து பேச வேண்டும்.