கூப்பிட்டால் வராத நாய்: கேள்விகளும் பதில்களும்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களோடு வாழ்கிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல. பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

திருச்சி: அண்ணா, 2005-இல் அஞ்சல்தலையில் வந்த இனம் என்று பெருமையாக ராஜபாளையம் வாங்கினேன். எட்டு மாதம் ஆகிறது. பத்து முறை கூப்பிட்டால் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறான். இவ்வளவு திமிரா?

திமிர் என்று முடிவுகட்டும் முன் காது கேட்கிறதா என்று பாருங்கள் தம்பி. வெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. ராஜபாளையத்தில் இது பழைய தொல்லை. அவன் அயர்ந்து தூங்கும்போது, தரை அதிராமல் பின்பக்கம் போய்ச் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காதுமடல் துடிக்க வேண்டும். சத்தம் வந்த திசை தெரியாமல் நாலாபுறமும் தேடினால் ஒரு காது மட்டும் பழுதாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

காது சரி என்றால் கோளாறு உங்களிடம்தான். அவனை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்? குளிப்பாட்ட, கட்டிப்போட, மருந்து புகட்ட. நானாக இருந்தாலும் வரமாட்டேன். சும்மா கூப்பிட்டு, வந்ததும் விரல்நுனி அளவு அவித்த ஈரலைக் கொடுத்து மறுபடி விளையாட விட்டுவிடுங்கள். ஒரு முறைக்கு மேல் கூப்பிடாதீர்கள். பத்தாவது குரலுக்குப் போனால் போதும் என்று கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான்.

கோவில்பட்டி: சிப்பிப்பாறை வைத்திருக்கிறேன். தோட்டத்தில் அவிழ்த்துவிட்டால், முயலைக் கண்டதும் என் குரல் அதன் காதில் ஏறுவதே இல்லை.

ஏறாது. கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டைநாய் அது. நூறு அடி பின்னால் நிற்கும் எசமானைத் திரும்பிப் பார்த்து உத்தரவு கேட்டுக்கொண்டிருந்தால் முயல் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். தானே முடிவெடுக்கும் நாயைத்தான் நம் முன்னோர் தேடித்தேடி இனம் பெருக்கினார்கள். அந்தக் குணத்துக்கு இன்று பிடிவாதம் என்று பெயர் வைத்திருக்கிறோம். வேலி இல்லாத இடத்தில் முப்பதடிக் கயிறு இல்லாமல் விடாதீர்கள். முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

சேலம்: சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறது. இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் என் கணவர்.

வேண்டாம் அம்மா. என் முதல் நாயை அப்படித்தான் அடித்துத் திருத்தினேன். உறுமுவதை விட்டுவிட்டது, ஒரு மாதம் கழித்து, சத்தமே இல்லாமல் என் கட்டைவிரலைக் கவ்வியது. தழும்பு இன்னும் இருக்கிறது. உறுமல் என்பது அது தரும் எச்சரிக்கை. அதைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது பல்தான்.

அது சாப்பிடும்போது எட்டடி தள்ளி நின்று ஒரு கறித்துண்டைத் தட்டருகே எறிந்துவிட்டு, நிற்காமல் திரும்பிப் போய்விடுங்கள். உங்கள் காலடி ஓசைக்கு உடல் விறைக்காமல், தலை நிமிர்த்தி 'எங்கே துண்டு?' என்று பார்க்கும் நாள் வரும். அதன் பிறகு ஓரடி நெருங்குங்கள். வாரக்கணக்கில் ஆகும். சிறு பிள்ளைகள் இருந்தால் கதவைச் சாத்தி வேறு அறையில் சோறு வையுங்கள்.

கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது.

சென்னை: நடக்கக் கூட்டிப்போனால் என்னைத் தரதரவென்று இழுத்துப்போகிறது.

இழுத்தால் நில்லுங்கள், கயிறு தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் தெருமுனையைக்கூடத் தாண்டமாட்டீர்கள், பரவாயில்லை. வெயில் காலத்தில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

மதுரை: தயிர்சாதத்தைத் தொடுவதில்லை. கறி வைக்கும்வரை பட்டினி கிடக்கிறது. எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

இருபது நிமிடம் தட்டை வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். நலமாக இருக்கும் வளர்ந்த நாய்க்கு ஒரு வேளை தவறினால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால் அது பிடிவாதமில்லை, நோய். கறி கொடுப்பதில் தவறில்லை. வெங்காயம் போட்ட குழம்புக் கறி மட்டும் ஆகாது. இன்னொன்று, வீட்டில் பாட்டி இருக்கிறார்களா? முதலில் அவர்களுடைய முந்தானையைச் சோதித்துப் பாருங்கள். எங்கள் வீட்டு 'பட்டினி'க்காரன் மூன்று கிலோ ஏறியது அப்படித்தான்.