சமூகவியலின் தந்தை காம்டே என்றால், துர்க்கைமுக்கு ஏன் இவ்வளவு பெயர்?

போட்டித் தேர்வில் ‘காம்டே’ என்று குறித்துவிட்டு வாருங்கள், மதிப்பெண் வந்துவிடும். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது அதற்கு மேலான கேள்வி: சமூகவியல் எப்படிப் பல்கலைக்கழகப் பாடமானது? அஞ்சல் வழியில் எம்.ஏ. படித்தபோது எனக்கும் இதே குழப்பம் இருந்தது. என் கணக்கில், பிள்ளைக்குப் பெயர் வைத்தவர் காம்டே. பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டவர் துர்க்கைம்.

பிரெஞ்சுத் தத்துவவாதியான காம்டே இந்தத் துறையை முதலில் ‘சமூக இயற்பியல்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பெல்ஜியத்துக்காரரான கெத்தலே அதே பெயரை 1835இல் தன் புள்ளிவிவர நூலுக்கு வைத்துவிட்டார். காம்டேவுக்குக் கடுப்பு. லத்தீன் பாதி, கிரேக்கம் பாதியாக ஒட்டி ‘சோசியாலஜி’ என்ற புதுச் சொல்லைச் செய்தார். 1839இல் அது அச்சில் வந்தது. ஆனால் மனிதருக்குக் கடைசிவரை பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1826இல் வீட்டிலேயே வகுப்பு எடுக்கத் தொடங்கி, சில நாளிலேயே மனநிலை பாதித்து நிறுத்த வேண்டியதாயிற்று. 1857இல் அவர் இறந்தபோது சொல் இருந்தது, துறை இல்லை.

துறை வந்ததற்குக் காரணம் அரசியல். 1870இல் பிரஷ்யாவிடம் தோற்ற பிறகு பிரான்சில் அமைந்த குடியரசு, பள்ளிகளைத் திருச்சபையின் பிடியிலிருந்து எடுத்தது. சரி, மதத்தை எடுத்தாயிற்று. பிள்ளைகளுக்கு ஒழுக்கத்தை எதை வைத்துச் சொல்லித் தருவது? அதற்கு ஆள் தேடியபோது கிடைத்தவர்தான் ராபியின் (யூத மதகுருவின்) மகனான எமில் துர்க்கைம். 1887இல் பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் கல்வியியலும் சமூக அறிவியலும் கற்பிக்க அவரை நியமித்தார்கள். கல்வியியலின் கையைப் பிடித்துக்கொண்டு சமூகவியல் உள்ளே வந்தது.

வந்தால் போதுமா? ‘இதைத்தான் தத்துவமும் உளவியலும் ஏற்கெனவே செய்கின்றனவே’ என்பவர்களுக்குப் பதில் வேண்டும். அதற்காக, ஒருவனின் சொந்த விவகாரமாகத் தோன்றும் தற்கொலையையே துர்க்கைம் எடுத்துக்கொண்டு, அதற்கும் சமூகக் காரணங்கள் உண்டு என்று காட்டினார். புத்தகம் 1897இல் வந்தது. அதில் எனக்குப் பிடித்த பகுதி முன்னுரைதான். ஏறத்தாழ 26,000 தற்கொலை ஆவணங்களை வயது, பால், மணமானவரா, குழந்தை உண்டா என்று ஒவ்வொன்றாகப் பிரித்தாக வேண்டும். கணினியா இருந்தது? அந்த வேலை முழுவதையும் தனியாகச் செய்தவர் அவருடைய அக்கா மகன் மார்செல் மோஸ். அப்போது இருபதுகளில் இருந்த பையன்; பின்னாளில் அவரே பெரிய அறிஞர். இன்னொரு வேடிக்கை: நீதி அமைச்சகத்தின் அந்த ஆவணங்களைப் பார்க்க அனுமதித்தவர் கப்ரியேல் தார்த். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதுதான் சமூகம் என்று வாதாடியவர் அவர். அவர் தந்த ஆவணங்களைக் கொண்டே எழுதிய புத்தகத்தில், அவருடைய கொள்கையை மறுக்க ஓர் அத்தியாயமே ஒதுக்கினார் துர்க்கைம்!

இவ்வளவுக்குப் பிறகும், 1902இல் அவர் பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்துக்குப் போனது கல்வியியல் கற்பிக்கத்தான். அவருடைய பேராசிரியர் பதவியின் பெயரில் ‘சமூகவியல்’ என்ற சொல் சேர 1913 ஆயிற்று.

அமெரிக்காவில் இவ்வளவு இழுபறி இல்லை. ராக்பெல்லர் பணத்தில் எழுந்த சிகாகோ பல்கலைக்கழகம் 1892இல் வகுப்புகளைத் தொடங்கியபோதே ஆல்பியன் ஸ்மால் தலைமையில் சமூகவியல் துறை வைத்துக்கொண்டது. புதுவீடு, எந்த அறையை யாருக்குக் கொடுப்பது என்ற சண்டை இல்லை. 1895இல் தனி ஆய்விதழும் வந்துவிட்டது.

நம் நாட்டில் 1919, பம்பாய்ப் பல்கலைக்கழகம். இங்கேயும் தனியாக வரவில்லை, குடிமையியலோடு சேர்ந்து வந்தது. முதல் தலைவர் பாட்ரிக் கெட்டிஸ். உண்மையில் உயிரியலும் நகரத் திட்டமிடலும் அவருடைய தொழில். 1914இல் அவருடைய நகரக் கண்காட்சிப் பொருட்கள் இந்தியாவுக்கு வந்த கப்பலை மூழ்கடித்தது நம் ஊர்ப் பாட்டிமாரும் அறிந்த அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். மனிதர் அசரவில்லை. புதிதாகப் பொருட்களைச் சேர்த்து, 1915 தொடக்கத்தில் சென்னையிலேயே கண்காட்சியை நடத்தினார். அவருக்குப் பின் 1924இல் கோவிந்த் சதாசிவ் குர்யே பொறுப்பேற்றார். எம்.என். சீனிவாஸ் அவருடைய மாணவர். அதற்கப்புறம் உள்ளதுதான் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்குமே.