செடித்தொட்டி கேள்வி-பதில்: முதலில் எந்தத் தண்ணீர் என்று சொல்லுங்கள்

செடி வைத்த நன்னீர் மீன்தொட்டி பற்றி நம் மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். தொட்டியின் நீள அகலம் எழுதுகிறீர்கள், விளக்கு எத்தனை வாட் என்று எழுதுகிறீர்கள். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதை மட்டும் பலர் விட்டுவிடுகிறீர்கள். குமரியில் முதலில் தெரிய வேண்டியதே அதுதான். மலையடிவாரக் கிணறு, மாநகராட்சிக் குழாய், கடலோர போர்வெல் மூன்றும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே யோசனை சொல்ல முடியாது.

இரண்டடித் தொட்டியில் மணலும் செடியும் வைத்து ஃபில்டரை ஓடவிட்டிருக்கிறேன். மறுநாளே மீன் விடலாம் என்கிறார் கடைக்காரர். ஒரு மாதம் பொறுக்கச் சொல்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?
— மார்த்தாண்டம்

நண்பர் சொல்வது சரி. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். அம்மோனியா செவுளை எரிக்கும். நைட்ரைட் இரத்தத்தில் கலந்து, தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீனை மூச்சுத்திணற வைக்கும். நைட்ரேட்டை அளவாக இருக்கும்வரை மீன் தாங்கும், செடிக்கோ அது உணவு. இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ஸ்பாஞ்சிலும் மணலிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. ஒட்டிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குத்தான் சைக்கிளிங் என்று பெயர்.

பொறுப்பது என்றால் வெறும் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது அல்ல. பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேண்டும். மீன் தீனியைத் தினம் ஒரு சிட்டிகை போட்டு அழுகவிடுவது பழைய முறை. நடக்கும், ஆனால் எவ்வளவு அம்மோனியா வந்தது என்று கணக்குத் தெரியாது. நான் சொல்வது அம்மோனியம் குளோரைடு. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் சுத்தமானது கிடைக்கும். ஈயம் பற்றவைக்க விற்கும் நவச்சாரம் வேண்டாம், அதில் வேறு கலப்பு இருக்கலாம். 6 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வையுங்கள். 50 லிட்டர் தொட்டிக்கு அந்தக் கரைசலில் 50 மில்லி ஊற்றினால் அம்மோனியா சுமார் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) ஆகும். தொட்டியில் அக்வா சாயில் (செடிக்கென விற்கும் சத்துமண்) போட்டிருந்தால் இது தேவையில்லை. முதல் சில வாரங்களுக்கு அதுவே அம்மோனியா விடும்.

அப்புறம் திரவ டெஸ்ட் கிட் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். பெரும்பாலான கிட்களில் அம்மோனியா இல்லையென்றால் சோதனைக்குழாய் மஞ்சளாகவே நிற்கும், இருந்தால் பச்சை ஏறும். நைட்ரைட் குழாய் வெளிர் நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போகும். முதலில் பச்சை தெளியும், பிறகு பல நாள் ஊதா அடர்த்தியாக நிற்கும். இந்தக் கட்டத்தில்தான் பொறுமை போகிறது. விட்டுவிடாதீர்கள். 2 பி.பி.எம். ஊற்றி 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றிவிட்டு நான்கைந்து சின்ன மீன்களில் தொடங்குங்கள்.

சீக்கிரம் முடிய ஒரு நேர்மையான வழி உண்டு. நோயில்லாமல் ஓடும் தொட்டி வைத்திருக்கும் ஆளிடம் பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கி, காயவிடாமல் அதே தண்ணீரில் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். பாட்டிலில் வரும் எந்த பாக்டீரியாவையும்விட நான் நம்புவது இதைத்தான்.

ஏற்கெனவே மீன் விட்டுவிட்டவர்களுக்கு: தீனியைப் பாதியாகக் குறையுங்கள், தினம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். நைட்ரைட் தெரிந்தால் 100 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். இந்த அளவு உப்பு செடியை ஒன்றும் செய்யாது.

வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். அம்மோனியா ஊற்றி ஐந்து வாரம் ஆகிறது. முதலில் குறைந்துகொண்டு வந்தது அப்படியே நின்றுவிட்டது. பி.எச். 5.8 காட்டுகிறது. தண்ணீர் குடிக்க அவ்வளவு நன்றாக இருக்குமே?
— குலசேகரம்

குடிக்க நன்றாக இருப்பதற்கும் இந்தச் சிக்கலுக்கும் காரணம் ஒன்றுதான். ரப்பர் தோட்டம் நிற்கும் அந்தச் செம்மண் பூமியில் மழை அதிகம், கரைய வேண்டிய சுண்ணாம்பு மண்ணில் குறைவு. அதனால் கிணற்றுத் தண்ணீர் மென்மையாக இருக்கும், கார்பனேட் கடினத்தன்மை அதாவது கே.எச். மிகக் குறைவாக இருக்கும்.

பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்கிக்கொள்வது கே.எச். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றினால் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். உங்கள் கிணற்றில் கே.எச். ஒரு டிகிரிதான் என்று வைத்துக்கொண்டால், 2 பி.பி.எம். அம்மோனியா இரண்டு முறை ஊற்றி மாறியதுமே அது தீர்ந்துவிடும். அதன்பின் பி.எச். சரியும், அதாவது தண்ணீர் அமிலமாகும். 6.5-க்குக் கீழே பாக்டீரியாவின் வேகம் குறையும், 6-க்குக் கீழே கிட்டத்தட்ட நின்றே போகும். பாக்டீரியா செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டியைக் காலி செய்துவிடாதீர்கள். தண்ணீரைச் சரிசெய்தால் திரும்பத் தொடங்கும்.

வீட்டில் ஆப்பச் சோடா இருக்கும். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கே.எச். ஒரு டிகிரி ஏறும். இரண்டு நாளில் மூன்று டிகிரிவரை கொண்டுவாருங்கள். நீண்டகாலத்துக்குச் சுத்தம் செய்த கிளிஞ்சல் ஒரு கைப்பிடியை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போடுங்கள். தண்ணீர் அமிலமாகும்போது அது மெல்லக் கரைந்து ஈடுகட்டும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. உள்ளே மீன் இருந்தால் பி.எச்.-ஐ ஒரேயடியாக ஏற்றக்கூடாது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் சுமார் 0.6 சதவீதம்தான். பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். அமிலத் தண்ணீரில் தேங்கிக் கிடந்த அம்மோனியா, பி.எச். ஏறியதும் ஒரே இரவில் மீனைக் கொன்றுவிடும். முதலில் தண்ணீர் மாற்றி அம்மோனியாவைக் குறையுங்கள், பிறகு சோடாவுக்குப் போங்கள்.

இன்னொன்று. கிணற்றிலிருந்து இறைத்த உடனே பி.எச். பார்க்காதீர்கள். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு அளவைக் குறைத்துக் காட்டும். ஒரு வாளியில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு இரவு முழுக்க வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள்.

சைக்கிளிங் முடிந்த பிறகு உங்கள் தண்ணீர் ஒரு வரம்தான். கிரிப்டோகோரைன், ரொட்டாலா செடிகள், டெட்ரா மீன் எல்லாம் மென்மையான தண்ணீரை விரும்புபவை. கே.எச். இரண்டு மூன்றில் நிற்கட்டும், அதற்குமேல் ஏற்ற வேண்டாம்.

போர் தண்ணீரில் டி.டி.எஸ். 1,100. செடி வருமா? கடற்கரை மணலை நன்றாகக் கழுவிப் போடலாமா?
— குளச்சல்

மணலுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. உப்பைக் கழுவிவிடலாம், சிப்பித் தூளைக் கழுவ முடியாது. அது கரைந்து ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும். உங்கள் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கனிம மணல் ஆலை இருப்பது ஊருக்கே தெரியும். அந்தக் கருமணலில் இல்மனைட், கார்னெட்டோடு தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கிறது. வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிற பொருள் இல்லை அது. கட்டட வேலைக்கு இறக்கிய ஆற்று மணலில் இரண்டு மில்லிமீட்டர் பருமனாகச் சலித்து எடுங்கள். ஒரு கைப்பிடியில் வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் அதிலும் சுண்ணாம்பு உண்டு. எம்-சாண்ட் போடுவதானால் தூசி போகும்வரை கழுவ வேண்டும். அதன் முனை கூராக இருப்பதால் அடியில் மேயும் மீன்களுக்கு ஆகாது.

தண்ணீரைப் பொறுத்தவரை டி.டி.எஸ். (கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு) எண்ணை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அது உப்பா, சுண்ணாம்பா என்பது அதில் தெரியாது. வாயில் வைத்தால் உவர்க்கிறது என்றால் மழைத்தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். நமக்கு வருஷத்தில் இரண்டு பருவமழை இருக்கிறது. முதல் மழையில் கூரை கழுவிப் போகட்டும், அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள். வாலிஸ்னேரியா, வேலம்பாசி, ஜாவா ஃபெர்ன், ஆனுபியாஸ் வைக்கலாம். மோலி, கப்பி மீன்கள் அந்தத் தண்ணீரில் குலசேகரம் தண்ணீரைவிட நன்றாக வளரும்.

ஞாயிறுதோறும் ஃபில்டரைக் குழாயடியில் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறேன். இரண்டு நாளில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது. ஏன்?
— நாகர்கோவில்

நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் சைக்கிளிங்கை அழித்துவிட்டுத் திங்கட்கிழமை புதிதாகத் தொடங்குகிறீர்கள். முக்கடல் அணையிலிருந்து வந்தாலும் குழாய்க்கு வரும்போது தண்ணீரில் குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்லவே போடுவது அது, உங்கள் ஸ்பாஞ்சிலுள்ள பாக்டீரியாவையும் விட்டுவைக்காது. மாதம் ஒரு முறை, தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் ஸ்பாஞ்சை நான்கைந்து முறை பிழிந்தால் போதும். பழுப்பு நிறம் போக வேண்டியதில்லை.

தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரை ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வையுங்கள், அல்லது ஆன்டி குளோரின் கரைசலைப் பாக்கெட்டில் சொன்ன அளவுக்குச் சேருங்கள். குடிதண்ணீர்தானே என்று நேராக ஊற்றாதீர்கள்.

பத்தாம் நாள் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிவிட்டது. ஆனுபியாஸ் இலையில் பழுப்பாக ஒரு படலம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கவா?
— தக்கலை

வேண்டாம். வெள்ளைக் கலங்கல் என்பது தண்ணீரில் மிதக்கும் வேறுவகை பாக்டீரியா பெருகியது, தானே தெளியும். பழுப்புப் படலம் டயாட்டம் என்ற பாசி, புதுத் தொட்டியில் வரும். விரலால் இலையை மெல்லத் துடைத்தால் தூளாக வந்துவிடும். துடைத்தும் போகாமல் பச்சை நூலாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு பாசி. அதற்கு விளக்கு நேரத்தை ஆறு மணி நேரமாகக் குறையுங்கள். ஜன்னல் வெயில் தொட்டியில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

கிரிப்டோகோரைன் வாங்கி நட்டதும் இலையெல்லாம் கரைந்துபோனது. ஆனுபியாஸ் தண்டு அழுகுகிறது. உரம் குறைவா?
— இரணியல்

இரண்டும் உரப் பிரச்சினை இல்லை. கிரிப்டோகோரைன் இடம் மாறினால் இலையை உதிர்க்கும், வேர் உயிரோடு இருக்கும். பிடுங்காதீர்கள், சில வாரத்தில் புது இலை வரும். ஆனுபியாஸின் தடித்த கிடைத்தண்டை மணலில் புதைத்திருப்பீர்கள். எடுத்து அழுகிய பகுதியை வெட்டிவிட்டு, கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டுங்கள்.

தேரூர் குளத்துச் செடிகளை எடுத்துவந்து தொட்டியில் வைக்கலாமா? காசு மிச்சமாகுமே.
— சுசீந்திரம்

தேரூரில் எடுக்காதீர்கள். சுசீந்திரம்-தேரூர் ஈரநிலம் பறவைகளுக்காகக் காக்கப்படும் இடம், 2022-இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. உங்கள் வீட்டுப் பக்கத்து வாய்க்காலில் வேலம்பாசி கிடைத்தால் அது வேறு. வேகமாக வளரும் எந்தச் செடியும் அம்மோனியாவை நேரடியாக உறிஞ்சும், புதுத் தொட்டிக்கு அது பெரிய துணை. ஆனால் வயலுக்கு மருந்து அடித்த வாரம் எடுக்கக்கூடாது. தும்பியின் புழு ஒன்று கூட வந்தால் போதும், உங்கள் கப்பிக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றுவிடும். நான்கு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி படிகாரத் தூளைக் கரைத்து, செடியை இரண்டு மணி நேரம் மூழ்கவைத்து அலசுங்கள். பிறகு இரண்டு வாரம் தனி டப்பில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டிக்கு மாற்றுங்கள்.

எதிர்ப்பக்கமும் சொல்லியாக வேண்டும். தொட்டியில் வெட்டிய செடியையோ, பெரிதாகிவிட்ட டேங்க் கிளீனர் மீனையோ குளத்தில் விடாதீர்கள். ஆகாயத்தாமரை நம் குளங்களை என்ன செய்திருக்கிறது என்று தினமும் பார்க்கிறோம். அதுவும் அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செடிதான். வெட்டிய செடியைக் காயவைத்துத் தென்னைக்கு உரமாகப் போடுங்கள்.

மழைக்காலத்தில் கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?
— ஆரல்வாய்மொழி

மீன் குறைவாக இருந்தால் சில மணி நேரம் பயமில்லை. ஆனால் வெப்பம் கூடக்கூடத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் 7.5 தான். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆகவே இரவுக் கரண்ட் வெட்டுதான் அதிக ஆபத்து. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வைத்திருங்கள், ஸ்பாஞ்ச் ஃபில்டரை அதில் இணைத்தால் மீனும் பாக்டீரியாவும் பிழைக்கும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபின் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஆனால் தீனியை அடியோடு நிறுத்துங்கள், மணிக்கொரு தடவை ஒரு குவளைத் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் உள்ளேயிருக்கும் தண்ணீர் கெட்டிருக்கும். அதைக் கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரில் அலசியபிறகு ஓடவிடுங்கள்.

ஹீட்டர் வேண்டுமா? கோல்டு ஃபிஷ்ஷோடு செடி வைக்கலாமா?
— அழகியபாண்டியபுரம்

நம் வெப்பத்துக்கு ஹீட்டர் வேண்டாம், அந்தக் காசில் டெஸ்ட் கிட் வாங்குங்கள். கோல்டு ஃபிஷ் மென்மையான செடிகளைத் தின்றுவிடும், மணலையும் கிளறும். ஆனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் கல்லில் கட்டி வைத்தால் பெரும்பாலும் தொடாது. இரண்டடித் தொட்டிக்கு கோல்டு ஃபிஷ் பெரிய மீன், நான்கடி தொட்டி வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.