இன்சுலின் ஊசியால் வயிற்றுக் குழந்தை கொழுத்துவிடுமா?

மனைவிக்கு 30 வாரம், சர்க்கரைக்கு இன்சுலின் எழுதியிருக்கிறார்கள், ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு கூடுதல், ஊசி போட்டால் இன்னும் கொழுக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். அப்படி ஆகாது. அம்மாவுக்குப் போடும் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டுவது இல்லையென்றே சொல்லலாம், தாராளமாகத் தாண்டுவது சர்க்கரைதான். அது அதிகமாக வரும்போது குழந்தையின் கணையமே இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க, அந்த இன்சுலின் கருவில் வளர்ச்சி ஹார்மோன் மாதிரி வேலை செய்து மிஞ்சிய சர்க்கரையை எல்லாம் கொழுப்பாக்கிச் சேர்க்கிறது. கொழுப்புத் திசு 14-16 வாரத்திலேயே தலைகாட்டினாலும் பெரும்பகுதி சேர்வது கடைசி மூன்று மாதத்தில்தான். அதனால் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள், ப்ளீஸ்.

அப்புறம், குழந்தையின் எடை சரியாக இருக்கிறதே என்றும் அசட்டையாக இருக்க வேண்டாம். புனே பக்கத்துக் கிராமக் குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003-இல் வந்த ஆய்வில், நம் ஊர்க் குழந்தைகள் எடையில் நன்றாகவே குறைவு, ஆனால் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. அதாவது எடையை மட்டும் பார்த்துக் கொழுப்பைக் கணிக்க முடியாது.

அம்மாவின் ரத்தச் சர்க்கரைக்குப் பொதுவாகச் சொல்லும் இலக்கு (mg/dL அளவில்) வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 120-க்குக் கீழ். உங்களுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். பிறந்தவுடன் குழந்தைக்கும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள், அம்மாவிடமிருந்து வரத்து நின்ற பிறகும் அதன் இன்சுலின் கொஞ்ச நேரம் ஓங்கியே இருப்பதால் சட்டென்று இறங்கலாம்.