ஐடா: கல்லா, கரியா?

கே: சிறுகோள் பட்டையின் வெளிப்புறத்தில் கரி வகைதான் அதிகம் என்று படித்தேன். அங்கே சுற்றும் ஐடா என்ற சிறுகோளை மட்டும் கல் என்கிறார்களே, எப்படி? (வாசகி, தர்மபுரி)

ப: ஐடா மட்டுமல்ல, அதன் கொரோனிஸ் குடும்பமே (ஒரே தாய்க்கல் உடைந்து பிறந்த சிறுகோள்கள்) கல் வகைதான். ஐடா சூரியனிலிருந்து சராசரியாக 43 கோடி கி.மீ. தள்ளிச் சுற்றுகிறது. அதன் எதிரொளிப்பு (விழும் ஒளியில் திருப்பி அனுப்பும் பங்கு) 0.24 அளவில் இருக்கிறது. கரி வகைக்கு 0.06ஐ ஒட்டி வரும். அகச்சிவப்பு நிறமாலையில் 1 மைக்ரோமீட்டர் அலைநீளத்தின் அருகே ஒளி குறைந்து ஒரு பள்ளம் விழுகிறது. ஆலிவின், பைராக்சீன் கனிமங்களின் கைரேகை அது.

நம் ஊர் அருங்காட்சியகங்களில் பார்க்கும் காண்டிரைட் என்னும் கல் வகை விண்கற்களிலும் இதே கனிமங்கள்தான். ஆனாலும் ஐடா அவற்றைவிடச் சிவந்து தெரிகிறது, அந்தப் பள்ளமும் ஆழம் குறைவு. சூரியக் காற்றும் (சூரியனிலிருந்து பாயும் மின்துகள்கள்) நுண்கல் மோதல்களும் மேற்பரப்பில் மிகமிக நுண்ணிய இரும்புத் துகள்களை உண்டாக்குவதே காரணம். புதிய குழிகளைச் சுற்றிச் சிதறிய மண் அவ்வளவு சிவக்கவில்லை என்பதை ஐடா அருகே பறந்த நாசாவின் கலிலியோ விண்கலம் காட்டியது.

கே: ஐடாவின் நிலா டாக்டைலைக் கண்டுபிடிக்க ஏன் ஆறு மாதம் ஆனது? (வாசகர், நாகர்கோவில்)

ப: படம் எடுத்தது 1993 ஆகஸ்ட் 28. கலிலியோவின் பெரிய ஆன்டெனா 1991லேயே விரிய மறுத்துவிட்டதால், காந்த நாடாவில் பதிந்ததை விநாடிக்கு 40 பிட் வேகத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. சொட்டு நீர்ப் பாசனம்தான்! மிச்சப் படங்கள் இறங்கத் தொடங்கிய 1994 பிப்ரவரி 17 அன்று கலிலியோ குழுவின் ஆன் ஹார்ச் டாக்டைலைக் கண்டார். அதன் குறுக்களவு வெறும் 1.4 கி.மீ.

கலிலியோ ஏறக்குறைய டாக்டைலின் சுற்றுத்தளத்திலேயே பறந்ததால் சுற்றுப்பாதை துல்லியமாகக் கிடைக்கவில்லை. ஐடாவின் நிறை மிகக் குறைவென்றால் நிலா ஓடிப்போயிருக்கும் என்பது போன்ற வரம்புகளை வைத்தே, அடர்த்தி கன செ.மீ.க்கு 2.6 கிராம் (கூடவோ குறையவோ 0.5) என்று கணித்தார்கள். முழுக்கல்லுக்கு இது குறைவு. உள்ளே இடுக்கும் வெடிப்பும் நிறைய இருக்க வேண்டும்.

கே: ஐடாவில் நின்று குதித்தால் பறந்துவிடுவோமா? (மாணவர், காரைக்குடி)

ப: மாட்டீர்கள். தப்பிக்க விநாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகம் வேண்டும். நம் கால் தருவது 3 மீட்டர். ஆனால் தரைக்குத் திரும்பப் பத்து நிமிடம் ஆகலாம்.

கே: என்னிடம் 8 அங்குல நியூட்டன் தொலைநோக்கி இருக்கிறது. ஐடா தெரியுமா? (வாசகர், ஓசூர்)

ப: கண்ணால் பார்ப்பது கடினம். சூரியனுக்கு நேர் எதிரே வரும்போதுகூட (எதிர்நிலை) ஒளியளவு 13.5 பக்கம்தான்; இந்த எண் கூடக்கூட மங்கல். கேமராவுக்கு அது எளிது. நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் இணையதளத்தில் உங்கள் ஊரைக் கொடுத்து அன்றைய இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 60 விநாடிப் படங்களாக எடுங்கள். எதிர்நிலையில் மணிக்கு 32 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு) அளவுக்கு நகரும், ஆகவே ஒரு படத்தில் புள்ளி நீளாது. ஒரு மணி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாலே இடம்பெயர்ந்தது தெரிந்துவிடும்.

இரவு முழுதும் எடுத்ததை நட்சத்திரங்களை வைத்து அடுக்கிவிடாதீர்கள். மற்றப் படங்களோடு ஒத்துப்போகாத புள்ளிகளை நீக்கும் மென்பொருளின் சிக்மா வடிகட்டி, நகரும் ஐடாவைக் குப்பை என்று துடைத்துவிடும்! டார்க் படத்தை (மூடி போட்டு எடுக்கும் இருட்டுப் படம்) கழிக்காவிட்டால், சூடான பிக்சலே சிறுகோள் போல ஏமாற்றும்.

ஒளிவளைவு (நேரத்தோடு ஒளி கூடிக் குறைவதைக் காட்டும் வரைபடம்) வரைய ஆசையிருந்தால், அதே படத்தில் உள்ள, வெளுத்துப்போகாத மூன்று நான்கு நட்சத்திரங்களோடு ஒப்பிடுங்கள். ஐடாவின் ஒரு சுழற்சி 4 மணி 38 நிமிடம். ஐந்து மணி நேரமாவது தொடர்ந்து எடுக்க வேண்டும். முதல்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் 2 மணி 19 நிமிடம் என்று எழுதிவிடுகிறார்கள். 60 கி.மீ. நீளக் கிழங்கு போன்ற உடல் அது. ஒரு சுற்றில் அகலப் பக்கம் இரண்டு முறை நம்மைப் பார்க்கும், ஒளிவளைவில் மேடும் இரண்டு வரும்; ஒரு மேட்டை ஒரு சுழற்சி என்று எண்ணினால் பாதி நேரம்தான் கிடைக்கும்.