லாட்டாகக் கொடுத்துவிடலாமா? பட்டறையைக் காலி செய்யும் முன் ஒரு கணக்கு

கேள்வி: கோவை கணபதியில் என் அப்பா 27 வருடமாக லேத் (கடைசல் மிஷின்) பட்டறை நடத்தினார். இப்போது வயது 68. முழங்கால் வலியால் நின்று வேலை செய்ய முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முன் பட்டறையை நிறுத்திவிட்டோம். இரண்டு ஆறடி லேத், ஒரு டிரில்லிங் மிஷின், மூன்று பழைய மோட்டார், மூலையில் வருடக்கணக்காகச் சேர்ந்த கம்பித் துண்டு, வார்ப்பு, கடையும்போது விழுந்த டர்னிங் சுருள் எல்லாம் இருக்கின்றன. மிஷின்கள் போக இரும்பு மட்டுமே ஏழு டன் தேறும் என்கிறார் அப்பா. பழைய இரும்பு வியாபாரி ஒருவர் மிஷின்களையும் சேர்த்து லாட்டாக, அதாவது எடை போடாமல் மொத்தமாக, 2,60,000 ரூபாய் தருகிறேன், முழுவதும் ரொக்கம், சனிக்கிழமை லாரி அனுப்புகிறேன் என்கிறார். என் தாய்மாமாவோ, ஆறு மாதம் பொறுத்தால் விலை ஏறும் என்கிறார். ஷெட் வாடகை மாதம் 9,000 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இன்னும் ரத்தாகவில்லை. யார் சொல்வதைக் கேட்பது? வருகிற பணத்தை அப்பாவுக்கு எங்கே போட்டு வைப்பது?

பதில்: அன்புள்ள சகோதரி, சனிக்கிழமை லாரி வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். அதே சமயம், ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். உங்களுக்குத் தேவை மூன்று வாரம்.

முதலில் அந்த 2,60,000 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். கணக்குக்காகக் கலப்பு இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏழு டன்னுக்கு 2,10,000 ரூபாய் ஆகிறது. மீதி 50,000 ரூபாய்க்குள் இரண்டு லேத், டிரில்லிங் மிஷின், மூன்று மோட்டார், இருக்கக்கூடிய பித்தளை, கன்மெட்டல், டூல்கள் அத்தனையும் அடங்கிவிட்டன. அந்த ஏழு டன்கூட அப்பாவின் கண் அளவுதான். ஒன்பது டன்னாக இருந்தால் மிஷின்களை இலவசமாகக் கொடுத்ததாகவே ஆகிவிடும். எடை தெரியாத பொருளுக்கு லாட் விலை பேசும்போது, அதன் எடையை மனசுக்குள் போட்டுப் பழகியவருக்குத்தான் லாபம். அவர் அதை நாள் முழுக்கச் செய்கிறார். நீங்கள் வாழ்க்கையில் ஒரு முறை செய்கிறீர்கள்.

என் பெரியப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருந்தார். தொழில் நொடித்து, தறிகளை லாட்டாகக் கொடுத்தார். வந்தவர் தறிகளை உடைத்து இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, மோட்டார்களை மட்டும் கழற்றித் தனியாக விற்றார். அந்த மோட்டார்களுக்குப் பெரியப்பா விலையே பேசவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதல் வரியிலேயே வேண்டாம் என்று எழுதினேன்.

மாமா சொல்வதற்கு வருவோம். ஆறு மாத வாடகை 54,000 ரூபாய். ஏழாயிரம் கிலோவுக்கு வகுத்தால் கிலோவுக்கு 7 ரூபாய் 70 காசு. 30 ரூபாய் இரும்பு கால் பங்குக்கு மேல் ஏறினால்தான் இன்று விற்ற அதே இடத்தில் நிற்பீர்கள். ஏறுமா என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பி ஆலைகளின் விற்பனை, மழைக்காலத்தில் கட்டட வேலை தேங்குவது, உலகிலேயே அதிகமாகப் பழைய இரும்பை இறக்குமதி செய்யும் துருக்கி எவ்வளவு வாங்குகிறது என்பது வரை எல்லாமே இந்த விலைக்குள் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் உருக்கு விலை உச்சத்தில் இருந்தது. இன்னும் ஏறும் என்று பலர் குவித்து வைத்தார்கள். மே மாதம் மத்திய அரசு உருக்குப் பொருள்களுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டது, விலை சரிந்தது. அந்த வரி விலகவே நவம்பர் ஆகிவிட்டது. பெரிய ஆலைகளே தடுமாறிய இடத்தில், வாடகை கொடுத்துக்கொண்டு நீங்கள் விலைக்காகக் காத்திருக்கக் கூடாது.

உங்கள் லாபம் தரம் பிரிப்பதில் இருக்கிறது. அதற்குத் தேவையான ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அப்பாவை ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள். இரண்டு நாளைக்குக் கூலிக்கு ஆள் வைத்து ஒவ்வொரு துண்டாகக் காட்டச் சொல்லுங்கள். எது மைல்டு ஸ்டீல், எது ஈ.என்.8, எது ஈ.என்.24 என்று ஸ்டீலின் ரகத்தை, கிரைண்டரில் வைத்தால் தெறிக்கும் பொறியைப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார். நீங்கள் சாக்பீஸால் எழுதிக்கொண்டே வாருங்கள்.

நீளமான கம்பித் துண்டுகளை ஸ்கிராப்பில் சேர்க்கவே வேண்டாம். ஒரு ஷாஃப்டோ புஷ்ஷோ கடையும் அளவுக்கு இருந்தால் அது இன்னும் சரக்குதான். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கட் பீஸாக ஸ்கிராப்பைவிடக் கூடுதல் விலைக்கு எடுப்பார்கள். அப்பாவுக்கு அவர்களை எல்லாம் தெரிந்திருக்கும். வார்ப்பிரும்பைத் தனியாகக் குவியுங்கள். பவுண்டரிகள் நிறைந்த ஊரில் இருக்கிறீர்கள், தெரிந்த தரத்து வார்ப்புத் துண்டை உருக்குவதற்கு நேரடியாகவே கேட்பார்கள். வார்ப்பின் போரிங் தூளையும் ஸ்டீல் டர்னிங் சுருளையும் கலக்காதீர்கள். கலந்தால் இரண்டில் எது மட்டமோ அந்த விலைதான். சுருளில் கூலன்ட் எண்ணெய் ஊறியிருந்தால் எடையில் கழிவு பிடிப்பார்கள். சரிவான தகரத்தில் பரப்பி எண்ணெயை வடியவிட்டு, பிறகு கொடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் காந்தம் வைத்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் நிக்கல் அதிகமுள்ள 304 ரகம், குறைவாக உள்ள 202 ரகம் இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது, விலையோ வெகுவாக வேறுபடும். 304 என்று அப்பாவுக்கு நிச்சயமாகத் தெரிந்த துண்டுகளைத் தனிச் சாக்கில் கட்டுங்கள். லேத்தில் இரும்பைச் சீவும் முனைகளான கார்பைடு டிப்புகள், தேய்ந்தவை, ஒரு டப்பாவில் கிடக்கும். குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். எடைக்கு எடை பார்த்தால் பட்டறையிலேயே விலை கூடிய ஸ்கிராப் அதுவாகத்தான் இருக்கும். எரிந்துபோன மோட்டாருக்கு உள்ளே செம்புச் சுருள் இருக்கிறது. செம்பின் விலை இரும்பைவிடப் பல மடங்கு.

கேஸ் சிலிண்டர் இருந்தால் அது கம்பெனிக்குச் சொந்தம். திருப்பிக் கொடுத்து டெபாசிட்டை வாங்குங்கள். ஜாப் ஒர்க்குக்காக, அதாவது கூலிக்குக் கடைந்து தர, ஏதாவது கம்பெனி கொடுத்த மெட்டீரியல் மிச்சம் கிடந்தால் அதுவும் உங்களுடையது அல்ல. அவர்களிடம் கேட்காமல் விற்காதீர்கள்.

லேத்துகளை விற்கும் வரை மின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். வாங்க வருபவர் ஸ்விட்சைப் போட்டு, ஒரு துண்டைக் கடைந்து பார்க்க வேண்டும். ஓடிக் காட்டும் லேத் ஒரு மிஷின். கரண்ட் இல்லாத ஷெட்டில் நின்றால் அது எடைக்கு எடை வார்ப்பிரும்பு. சக், கியர் செட், ஸ்டெடி போன்ற லேத்தின் துணைப் பாகங்கள் எல்லாம் அதனோடு இருக்கட்டும். பழைய மிஷின் வியாபாரிகள் மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள்.

இரும்பை எடை போடும்போது எடைமேடையை நீங்கள் தேர்ந்தெடுங்கள். முத்திரை புதுப்பித்த பொது எடைமேடையாக இருக்க வேண்டும். காலி லாரியை முதலில் ஏற்றி, சீட்டை உங்கள் கையில் வாங்குங்கள். சுமையோடு வரும்போதும் அதே மேடை. இடையில் லாரி வேறு எங்கும் நிற்காமல் யாராவது கூடவே போகட்டும். பெரிய எடைமேடை ஐந்து, பத்து கிலோ கணக்கில்தான் காட்டும். ஆகவே பித்தளை, செம்பு, டிப் எல்லாவற்றையும் மேசைத் தராசில் தனியாக நிறுக்க வேண்டும்.

அடுத்து வரி. 2,60,000 ரூபாய் ரொக்கத்தை நான் மறுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே வியாபாரத்தில் ஒருவரிடமிருந்து இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அபராதம், ரொக்கத்தை வாங்கியவருக்கு, அதாவது உங்கள் அப்பாவுக்கு. இன்று பாதி, நாளை பாதி என்று பிரித்தாலும் அது ஒரே வியாபாரம்தான். பணம் வங்கிக் கணக்குக்கு வரட்டும்.

ஜிஎஸ்டி பதிவு இருக்கும்போதே விற்று முடித்துவிடுங்கள். 18 சதவீத வரியோடு பில் போட்டால், பதிவு பெற்ற வியாபாரி அந்த வரியை உங்களிடம் தந்து, தான் கட்ட வேண்டிய வரியில் அதைக் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்வார். ஒரே ஒப்பந்தம் வரி நீங்கலாக 2,50,000 ரூபாயைத் தாண்டினால் அவர் உங்களுக்குத் தரும் தொகையிலிருந்தே 2 சதவீதம் வரியை (டிடிஎஸ்) பிடிக்க வேண்டும். 2024 அக்டோபர் 10 முதல் உலோக ஸ்கிராப்புக்கு இந்த விதி. பிடித்த தொகை ஜிஎஸ்டி போர்ட்டலில் கேஷ் லெட்ஜர் என்ற உங்கள் வரிக் கணக்கில் ஏறும், தொலைந்து போகாது. பதிவை முதலில் ரத்து செய்தால், கையில் இருக்கும் சரக்குக்கும் மிஷினுக்கும் வரிக் கணக்கு முடிக்க வேண்டிவரும். விற்ற பிறகு ரத்து செய்து, மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். பலர் இதை மறந்து அபராதம் கட்டுகிறார்கள்.

வருமான வரியில் பலருக்குத் தெரியாத ஒன்று. 25 வருடத்துக்கு முன் ஒரு லட்சத்துக்கு வாங்கிய லேத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்தால், இன்று கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு சுமார் 1,720 ரூபாய்தான். ஆகவே இரண்டு லேத்தையும் டிரில்லிங் மிஷினையும் விற்று வரும் தொகையில் ஏறக்குறைய முழுவதும் லாபம். எத்தனை வருடம் வைத்திருந்தாலும் அது குறுகிய கால மூலதன ஆதாயம். பயப்பட வேண்டாம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான சாதாரண வருமானத்துக்கு வரி இல்லை. இந்த ஆதாயமும் சாதாரண விகிதத்தில்தான் வருகிறது. வேறு பெரிய வருமானம் இல்லாத அப்பாவுக்கு வரி வராது. ஆனால் ரிட்டர்னில் காட்டியே ஆக வேண்டும்.

வருகிற பணத்தில் ஆறு மாத வீட்டுச் செலவையும் மருத்துவச் செலவையும் சேமிப்புக் கணக்கில் விடுங்கள். மீதியை அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அப்பா பெயரில் போடுங்கள். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. அந்த விகிதத்தில் மூன்று லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 6,150 ரூபாய் கைக்கு வரும். நீங்கள் போடும் நாளில் என்ன வட்டியோ அதுவே ஐந்து வருடமும் மாறாது. மாதாமாதம் வராது என்பதால் மூன்றாகப் பிரித்து அப்பா கையில் நீங்கள் கொடுக்கலாம். வாரிசு நியமனத்தை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

தரம் பிரிக்கும் நாளில் அப்பா ஏதாவது ஒரு மைக்ரோமீட்டரையோ வெர்னியரையோ தனியாக எடுத்து வைத்தால், அதற்கு என்ன விலை வரும் என்று கேட்காதீர்கள். அது அவரிடமே இருக்கட்டும்.